சஞ்சு யாரை அம்மா என்று கூப்பிட்டாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் படிவங்களைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. அதை அலுவலகத்தில் சொல்லித்தருவார்கள். இரண்டு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பப் பழகிவிடுவீர்கள். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சிறுவர் உத்தியோகத்தராக இருபத்தாறு வருடம் ஏறி இறங்கியவள் நான். அத்தனை வருடத்தில் ஒரு பயிற்சியிலும் யாரும் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. அது பொறாமை. நம்முடைய பொறாமையைத்தான் சொல்கிறேன்.

தாயோ தகப்பனோ போதையை விடுவதற்காகச் சிகிச்சைக்குப் போகும்போது, பிள்ளை யாரோ ஒருவர் கையில் இருக்க வேண்டி வருகிறது. அந்த மாதங்களில் பிள்ளை தனக்கென்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அது நீங்களாக இல்லாமல் போகலாம். அப்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கத் தவறினேன். அதனால் ஒரு குடும்பம் உடையும் இடம் வரைக்கும் போனது.

தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் என்னைக் கூப்பிட்டது பாடசாலைதான். நான்காம் ஆண்டில் படிக்கும் ரோஷினி வகுப்பில் தினமும் தூங்கி விழுகிறாள், சில நாட்களில் மூன்று வயதுத் தங்கை சஞ்சுவையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறாள் என்று வகுப்பு டீச்சர் சொன்னார். தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்கு நான் போனேன். தாய் ராணிக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. புருஷன் சிவா கொழும்பில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது ஐஸ் என்னும் போதைப்பொருள் பழக்கத்தோடு வந்தான். பிறகு அவளுக்கும் பழக்கினான். ராணி நான்கு மாதம் ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை. “எங்களுக்கு ஒண்ணும் இல்ல மிஸ், சும்மா கத கட்டுறாங்க” என்பாள். அப்படிச் சொல்லும்போதே கை நடுங்கும்.

பிறகு சிவா டவுனில் பிடிபட்டான். நீதிமன்றம் அவனைப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பியது. அதற்கு மறு வாரம் அடைமழையில் ராணி இரண்டு பிள்ளைகளோடும் என் அலுவலகத்துக்கு வந்து, நனைந்த உடுப்போடு என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“என்னையும் எங்கயாவது கொண்டுபோயி விடுங்க மிஸ். என்னால சொந்தமா விட முடியல.”

என் வேலைக்காலத்தில் இப்படித் தானாக வந்து கேட்ட தாய்மார் மிகக் குறைவு. வேறு யாரிடமும் போகாமல் என்னிடம் வந்தாள் என்ற பெருமை எனக்குள் பொங்கியது. அந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

“நான் போயிட்டா புள்ளைங்கள ஹோம்ல போட்டுருவீங்கதானே? அப்புடின்னா நான் போகவே மாட்டேன்.”

“போட மாட்டேன் ராணி. புள்ளைங்க லயத்துலயே இருக்கும். நீ சொகமாயிட்டு வா, ஒன் கையிலேயே தாரேன்.”

இந்த வாக்கை நம்பித்தான் அவள் போனாள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர்தான் இருந்தார். அதே லயத்தில் மூன்று வீடு தள்ளி இருந்த புஷ்பம், சிவாவின் அக்கா. நாற்பத்தைந்து வயது, கொழுந்து எடுக்கும் பெண். ஒரே மகளை வெலிமடையில் கட்டிக்கொடுத்துவிட்டாள். புருஷன் கொழும்பில் மேசன் வேலை செய்துகொண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவான். ராணிக்கும் இந்த நாத்தனாருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தம்பியைக் கெடுத்தது இவள்தான் என்று புஷ்பம் லயமே கேட்கக் கத்தியிருக்கிறாள். உண்மை நேர்மாறானது என்று பிறகு தெரிந்தும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனாலும் ராணி போகும் அன்று காலையில் பிள்ளைகளின் உடுப்புப் பையைப் புஷ்பத்தின் இஸ்தோப்புத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தபோது, புஷ்பம் ஒரு வார்த்தையும் பேசாமல் பையை உள்ளே எடுத்துப் போனாள். நீதிமன்ற அனுமதி வாங்கினோம். ஆறு மாதத்துக்குப் பிள்ளைகள் அவள் பொறுப்பில் என்று தீர்மானமானது.

ராணி போவதற்கு முந்திய வாரங்களில் நான் அடிக்கடி அங்கே போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோஷினி வளைவில் நிற்பாள். என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வாள். அது அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வரும். வழிநெடுக ஸ்கூல் கதை, தங்கச்சி கதை என்று பேச்சு ஓயாது. அந்த நாட்களில் என் சொந்த மகள் யாழ்ப்பாணத்தில் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தாள். நான் போனில் கோல் எடுத்தால், “பெறகு பேசுறேம்மா” என்று வைத்துவிடுவாள். பசித்த வயிற்றோடு பந்தி பரிமாறப் போகக் கூடாது. நான் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மாதம் ஒருநாள் போனபோது வளைவில் யாரும் இல்லை. லயத்துக்குப் போய்ப் பார்த்தால் ரோஷினி அடுப்படியில் புஷ்பத்தோடு உட்கார்ந்து ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். தலையை மட்டும் திருப்பினாள்.

“அத்த, மிஸ் வந்திருக்காங்க.”

அவ்வளவுதான், மறுபடியும் மாவுப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். புஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

“மிஸ், பெரியவ நேத்து ஒண்ணு சொன்னா. ஸ்கூலுக்குப் போறப்ப தங்கச்சிய கட்டில் கால்ல கட்டிப்போட்டுட்டுப் போவாளாம். அம்மாவோட சால்வையால. கழுத்துல சுத்திக்கப் போவுதுன்னு இடுப்புல கட்டுவாளாம். கூட்டிட்டுப் போன நாள்ல எல்லாம் டீச்சர் ஏசிருக்காங்க, அதான் அப்புடி. சொல்லிட்டு ஒரே அழுக மிஸ்.”

இதைப் பற்றி நான் ரோஷினியிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். நீ ஸ்கூலுக்குப் போனால் தங்கச்சியை யார் பார்த்துக்கொள்வார்கள்? மூன்று தடவையும், “பக்கத்து வீட்டுல” என்றுதான் சொன்னாள். நானும் அதையே படிவத்தில் எழுதி வைத்திருந்தேன். என்னிடம் சொல்லாததைப் புஷ்பத்திடம் சொல்லியிருக்கிறாள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நேரம் அது. ஒரு பிள்ளை தன் நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லைக் கீழே வைத்திருக்கிறது. எங்கே வைத்தால் என்ன? ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது குறிப்புப் புத்தகத்தில், ‘பராமரிப்பவர் பிள்ளையிடம் தேவைக்கு மேல் விசாரிக்கிறார்’ என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு நான் போனதெல்லாம் குறை தேடித்தான். தேடினால் கிடைக்காதா? அடுப்புப் புகை வீட்டுக்குள் வருகிறது. பிள்ளைகளுக்குத் தனிப் படுக்கை இல்லை. சின்னவள் புஷ்பத்தை அம்மா என்கிறாள், இவள் அதைத் திருத்துவதில்லை. எல்லாம் உண்மை. அங்கே உள்ள எல்லா லயத்திலும் புகை வரும் என்பதையும், சஞ்சுவுக்கு எடை கூடியிருக்கிறது என்பதையும், ரோஷினி இப்போது வகுப்பில் தூங்குவதில்லை என்று டீச்சர் சொன்னதையும் நான் அந்தப் பக்கங்களில் எழுதவில்லை.

மூன்றாம் மாதம் ராணியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பெண்களுக்கான அந்தச் சிகிச்சை இல்லம் நான்கு மணி நேர ஓட்டத்தில் இருந்தது. அலுவலக வேன் ஏற்பாடானது. புறப்படும்போது புஷ்பம் நல்ல சேலை உடுத்தி வெளியே வந்து நின்றாள்.

“நானும் வரட்டா மிஸ்? சின்னவ புது எடத்துல அழுவா.”

“வண்டியில எடமில்ல புஷ்பம்.”

இடம் இருந்தது. பின் இருக்கை முழுவதும் காலியாகத்தான் போனது.

ரோஷினியின் தலைமுடி காதுவரை வெட்டப்பட்டிருந்தது. இடுப்பு வரைக்கும் தொங்கிய முடி அது. தான் எந்த நிலையில் இருந்தாலும் ராணி அதற்கு மட்டும் தவறாமல் எண்ணெய் வைத்துவிடுவாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். வேனில் நான் கேட்டேன்.

“பேன் மிஸ். புண்ணாயிருச்சு. மருந்து வச்சும் போகல. அத்த அழுதுகிட்டேதான் வெட்டுனாங்க.”

ராணி வாசலிலேயே காத்திருந்தாள். முகத்தில் சதை பிடித்திருந்தது. கை நடுங்கவில்லை. தனக்குக் கொடுத்த பிஸ்கட்டுகளைச் சேர்த்து ஒரு பேப்பரில் மடித்து வைத்திருந்தாள். சஞ்சு என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழத் தொடங்கினாள்.

“அம்மாட்ட போவணும்.”

“அம்மா இந்தா இருக்கேன்டி” என்று ராணி கையை நீட்டினாள்.

“நீ இல்ல.”

ராணியின் கை அப்படியே நின்றது. பிறகுதான் அவள் ரோஷினியின் தலையைப் பார்த்தாள். முதலில் புரியாதவள் போல் பிள்ளையின் பின்பக்கம் சுற்றி வந்து பார்த்தாள்.

“யாரு வெட்டுனா? யார கேட்டு வெட்டுனா? மிஸ், ஒங்ககிட்ட சொன்னாளா?”

இந்த இடத்தில்தான் என் வேலைக்காலத்தின் பெரிய தவறு நடந்தது. ‘பேன் ராணி, புண்ணாகிவிட்டது, புஷ்பம் அழுதுகொண்டே வெட்டினாள்’ என்று நான் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது:

“எனக்கும் சொல்லல ராணி.”

அதுவும் உண்மைதான். வெட்டுவதற்கு முன்னால் புஷ்பம் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் காரணம் தெரிந்திருந்தும் விழுங்கிவிட்டேன். ரோஷினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்களின் பொய்க்கு நடுவில் வளர்ந்த பிள்ளை அவள். என்னுடையதையும் அடையாளம் கண்டுகொண்டாள்.

திரும்பி வந்ததும் அறிக்கை எழுதினேன். தாய் திரும்பும் வரை பிள்ளைகளை டவுனில் உள்ள சிறுவர் இல்லத்துக்கு மாற்றலாம் என்று சிபாரிசு செய்தேன். புகை, படுக்கை, அனுமதியின்றி முடி வெட்டியது, தாயின் இடத்தைப் பிடித்துக்கொள்வது எல்லாவற்றையும் நல்ல தமிழில் வரிசைப்படுத்தினேன். ராணிக்குக் கொடுத்த வாக்கை முறிக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அவளுக்காகத்தானே செய்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அறிக்கையை மேலே கொடுப்பதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் புஷ்பம் போன் பண்ணினாள். குரல் படபடத்தது.

“மிஸ், ராணி வந்திருக்கா. கதவத் தட்டுறா. புள்ளைங்கள குடுன்னு கத்துறா. ரெண்டும் உள்ளதான் இருக்கு. தொறக்கவா மிஸ்?”

உங்களுக்கும் இப்படி ஒரு கோல் ஒருநாள் வரும். யோசிக்க அரை நிமிடம் கூட இருக்காது. சிகிச்சையை விட்டுப் பாதியில் வந்த தாய். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள், என்ன நிலையில் வந்திருக்கிறாள் என்று எதுவும் தெரியாது. கதவு மூடியிருந்தால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்பது விதி. விதி தவறென்று சொல்லமாட்டேன்.

“தொறக்காதீங்க புஷ்பம். நான் வாரேன்.”

ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். பாதி வழியில் சிகிச்சை இல்லத்திலிருந்து பேசினார்கள். ராணி விடியற்காலையில் சொல்லாமல் வெளியேறிவிட்டாள், மறுநாள் காலை வரைக்கும் அவளுடைய இடத்தை வைத்திருப்போம், அதற்குப் பிறகு காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். மூன்று மாத உழைப்பு ஒரு நாளில் போகப் பார்த்தது. அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு மூலை, ‘பார்த்தாயா, புஷ்பத்தைப் பற்றி நான் எழுதியது சரியாகிவிட்டது’ என்று குளிர்ந்தது. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன். ஆனால் சொல்லாவிட்டால் இந்தக் கதையால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது.

ராணி தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேலே புஷ்பத்தின் கம்பளிச் சட்டை. கையில் தேத்தண்ணிக் கோப்பை. சஞ்சு இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஷினி உள்வாசலில் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

“மழையில நிக்கிறா மிஸ்” என்றாள் புஷ்பம். “ஜன்னலால பாத்தேன். போதையில இல்ல. எங்க தம்பிய பாத்துப் பாத்து எனக்குத் தெரியும். அழுவுறவள எத்தன நேரம் வெளிய விட்டு வைக்கிறது?”

அவளிடம் நானே கேட்டிருக்க வேண்டிய விஷயம் அது. ராணி எப்படி இருக்கிறாள், பார்த்துச் சொல்லுங்கள் என்று போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் சொல்வதை நம்ப எனக்கு மனம் வந்திருக்காது. அதனால்தான் கேட்கவில்லை.

ராணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அக்கா எல்லாம் சொன்னாங்க. கேக்காம வெட்டுனது தப்புத்தான்னும் சொன்னாங்க. பேனுன்னு ஒங்களுக்குத் தெரியுமா மிஸ்?”

ரோஷினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

“தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல? நான் பதினஞ்சு நாளா தூங்கல மிஸ். என் புள்ளைய அவ எடுத்துக்கிட்டா, முடிய வெட்டி அவ புள்ள மாதிரி ஆக்கிட்டான்னு பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்தேன். அதனாலதான் வந்தேன். நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா வந்திருக்க மாட்டேன்.”

உத்தியோகத் தோரணையில் சொல்லக்கூடிய பதில்கள் நாலைந்து எனக்குத் தெரியும். அவற்றை விட்டுவிட்டேன்.

“பொறாம ராணி” என்றேன். “ரோஷினி என்கிட்டத்தான் எல்லாம் சொல்லுவான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். புஷ்பத்துகிட்ட சொல்லிட்டா. அது எனக்குப் பொறுக்கல.”

புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள். ராணி என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஒங்களுக்குமா மிஸ்?”

அவள் முகத்தில் கோபம் கொஞ்சம் தளர்ந்தது. “எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன். குடிகாரி மாதிரி எல்லாத்தையும் தொலச்சிட்டு, வளக்கிறவ மேல பொறாமப்படுறேனேன்னு என்னயே காறித் துப்பிக்கிட்டு இருந்தேன்.”

“நான் மட்டும் யோக்கியமா?” என்றாள் புஷ்பம். “சின்னவ என்னைய அம்மாங்கிறப்ப, அத்தன்னு சொல்லுடின்னு திருத்தணும்னு தெரியும். வாய் வரல. நீ வந்தா தூக்கிட்டுப் போயிருவியேன்னு இருந்துச்சு. பெத்தவங்கிற உரிம ஒனக்கு இருக்கேன்னு, ஒன்னய நெனச்சா ஆத்தரமா இருந்துச்சு.”

நாங்கள் மூன்று பேரும் மனதைக் கொட்டி, லேசாகிவிட்டதாக நினைத்த நேரத்தில், உள்வாசலிலிருந்து சத்தம் வந்தது.

“அவ மொதல்ல என்னயத்தான் அம்மான்னு கூப்பிட்டா.”

ரோஷினி.

“நீங்க யாருமே இல்லாதப்ப என்னயத்தான் கூப்பிட்டா. நான்தான் சோறு ஊட்டுவேன். நான்தான் கால் கழுவிவிடுவேன். அத்தகிட்ட வந்தப்பெறகு அவ என்னய கூப்பிடறதே இல்ல. அத்தையவே கூப்பிடுறா. இப்ப நீங்களும் வந்துட்டீங்க.”

மாதக்கணக்கில் நான் இந்தப் பிள்ளையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். ஒன்பது வயதில் ஒரு தாயின் வேலையைச் செய்து, அந்த வேலையும் ஒருநாள் கையைவிட்டுப் போனால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு வரி எழுதியதில்லை. சுமையை இறக்கிவிட்டோம், பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

எழுந்து போய் அவளை அணைத்துக்கொள்ள என் உடம்பு துடித்தது. நான் எழவில்லை. அன்றைக்கு நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

ராணி போனாள். தொடப் போனபோது ரோஷினி பின்வாங்கினாள். ராணி வற்புறுத்தவில்லை. அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“நீ நல்லா பாத்துக்கிட்ட. அம்மாவுக்குத்தான் ஒண்ணும் தெரியல. அவளுக்கு என்னென்ன புடிக்கும்னு எனக்குச் சொல்லித் தாறியா?”

ரோஷினி நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். “பால்ல சீனி போடக்கூடாது. சாம்பார்ல கெடக்கிற கெழங்க மட்டும் திம்பா. இடி இடிச்சா காதப் பொத்தணும். தூங்குறப்ப நம்ம காதப் புடிச்சிக்குவா, எடுத்தா முழிச்சிருவா.” ராணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். புஷ்பமும் கேட்டாள். அவளுக்கும் அதில் பாதி தெரியாது. எப்போதோ ரோஷினி நகர்ந்து வந்து தாயின் முழங்காலில் தலையை வைத்திருந்தாள்.

நான் ராணியைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. சிகிச்சை இல்லத்தில் அவளுடைய இடம் மறுநாள் காலை வரைதான் என்ற செய்தியை மட்டும் சொன்னேன். ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“பஸ் எத்தன மணிக்கு மிஸ்?”

அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட நானே போனேன். பஸ் நிலையத்துக்குப் போக ஆட்டோவில் ஏறும்போது, “அடுத்த மொற அக்காவையும் கூட்டிட்டு வாங்க. வண்டியில எடம் இருக்குந்தானே?” என்றாள். இருக்கும் என்றேன்.

திரும்பி வந்ததும் என் மேலதிகாரியிடம் அந்த அறிக்கையைக் கொண்டுபோய், இதை நான் கொடுக்கப்போவதில்லை, ஆனால் நீங்கள் படிக்க வேண்டும் என்று வைத்தேன். பதுளை டவுனைச் சேர்ந்த வயதான முஸ்லிம் மனிதர். அதிகம் பேசமாட்டார். முழுவதையும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒவ்வொரு வரியும் உண்மதான். மொத்தமாப் படிச்சா பொய்” என்றார். தாளை என் பக்கம் தள்ளி, “இதக் கிழிக்காதீங்க. மேசையில வச்சிக்கங்க” என்றார்.

அதோடு விடவில்லை. இந்தக் குடும்பத்தை இனி நான் தனியாகப் பார்க்கக் கூடாது, புதிதாக வந்திருக்கும் இளம் உத்தியோகத்தரும் கூட வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவள் போன இரண்டாவது தடவையே ரோஷினி அவளிடம் தன் ஸ்கூல் கொப்பியை எடுத்துக் காட்டினாள். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. ஆமாம், மறுபடியும்தான். ஒரு தடவை ஒத்துக்கொண்டால் போய்விடும் நோய் இல்லை அது. நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பழக்கம். அறிக்கை எழுதத் தொடங்குமுன் தாளின் மேல் ஓரத்தில் பென்சிலால், இன்றைக்கு எனக்கு யார்மேல் எரிச்சல் என்று ஒரு பெயர் எழுதுவேன். எழுதி முடித்தபின் அந்தப் பெயர் உள்ளவரைப் பற்றிய வரிகளை மட்டும் இன்னொருவரிடம் படிக்கக் கொடுப்பேன். பிறகுதான் பென்சிலை அழிப்பேன். நீங்களும் வேண்டுமானால் செய்து பாருங்கள்.

லயத்திலும் சில மாற்றங்கள் செய்தோம். சஞ்சுவைத் தூங்கவைக்கும் வேலை ரோஷினிக்கு மட்டும் என்று புஷ்பம் விட்டுக்கொடுத்தாள். மற்ற வேலை எதையும் தொடவிடவில்லை. ராணியின் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, “இது அம்மா, நான் அத்த” என்று சின்னவளுக்குத் தினமும் சொன்னாள். அப்படிச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது என்று என்னிடம் ஒத்துக்கொண்டாள். பார்க்கப் போகும் நாட்களில் வேலையை விட்டுவிட்டு வேனில் ஏறிக்கொள்வாள். அங்கே போனதும் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுத் தூரத்தில் போய் நின்றுகொள்வாள்.

எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சிவா திரும்பி வந்தான், மூன்று வாரம் இருந்தான், மறுபடி கொழும்புக்குப் போனவன் வரவில்லை. ராணியும் அடுத்த வருடம் ஒரு தடவை சறுக்கினாள். ஆனால் அந்தத் தடவை அவள் பிள்ளைகளைத் தானே புஷ்பத்தின் வாசலில் கொண்டுபோய் விட்டு, “அக்கா, நான் மறுபடி விழுந்துட்டேன், பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுச் சிகிச்சைக்குப் போனாள். நான் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள்.

ஆறு மாதம் முடிந்து, ராணி முதல் தடவை குணமாகி வந்த அந்த நாளைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். சனிக்கிழமை. நல்ல வெயில். பிள்ளைகளை ஒப்படைக்கும் தாளை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். புஷ்பத்திடம் கையெழுத்துக் கேட்டபோது அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல என்ன எழுதியிருக்கு மிஸ்?”

“பிள்ளைகளை ஒப்படைத்தேன்னு.”

“ஒப்படைச்சேன்னா குடுத்துட்டேன்னு அர்த்தமா? அப்புடி எழுதாதீங்க. நான் வச்சிருந்தேன், அவ வந்துட்டா. அவ்வளவுதானே.”

பக்கத்தில் நின்ற ராணி, “குடுக்கவா சொன்னாங்க, மூணு வீடு தள்ளித்தானே அக்கா” என்றாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. கடைசியில் புஷ்பம் கையெழுத்துப் போட்டாள்.

அப்போது ரோஷினி சஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இனி எந்த வீட்டுக்குப் போவது என்ற நேரம். ராணி ஓர் ஓரத்தில், புஷ்பம் ஓர் ஓரத்தில், நான் நடுவில். யாரிடம் முதலில் வருகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். வெட்கம்கெட்ட மூன்று பெண்கள்.

கீழே மைதானத்தில் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக எல்லே விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரோ பந்தை ஓங்கி அடிக்க, பெரிய கூச்சல் எழுந்தது. ரோஷினி தலையைத் தூக்கிப் பார்த்தாள். தங்கையின் கையை விட்டாள்.

“சஞ்சுவ பாத்துக்கங்க” என்றாள். எங்களில் யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கள் மூன்று பேரையும் தாண்டி, படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகக் குதித்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள்.

இருட்டும் வரைக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை.